கல்லறைத் திருநாளில் எழுதிய பேய்க் கடிதம்

ஐம்பதுகளின் தொடக்கம். காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இன்னும் இறங்கவில்லை. ஐப்பசி மழையோடு கல்லறைத் திருநாளும் வரும். நாங்கள் சைவக் குடும்பம். ஆனாலும் பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவத் தோழியோடும் அவள் அம்மாவோடும் வருஷம் தவறாமல் கல்லறைத் தோட்டத்துக்குப் போவேன். பக்தியெல்லாம் ஒன்றுமில்லை. சாமந்தி, மெழுகுவர்த்தி, கொஞ்சம் பயம், திரும்பும் வழியில் பொரியுருண்டை. பன்னிரண்டு வயதுக்கு வேறென்ன வேண்டும்?

எங்களுக்கென்று ஒரு விளையாட்டு இருந்தது. ஆளுக்கொரு கல்லறையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருப்பவர் எழுதுவதாகக் கடிதம் எழுதுவோம். ‘மருமகளே, என் தலைமாட்டில் ஆடு மேய்கிறது, விரட்டு’ என்று அவள் எழுதுவாள். ‘இங்கே ஒழுகுகிறது, கொத்தனாரை அனுப்பு’ என்று நான். மதிலோரம் உட்கார்ந்து மாற்றிப் படித்துச் சிரிப்போம்.

அந்த வருஷம் அவள் அப்பாவிடமிருந்து தபால் நின்று எட்டு மாதம் ஆகியிருந்தது. அவருக்கு வியட்நாமில், சைகோனில் பிரெஞ்சு சர்க்கார் உத்தியோகம். அங்கே சண்டை. தபால்காரர் தெருவுக்குள் நுழைந்துவிட்டால் அவள் பள்ளிக்கூடத்தையும் மறந்து வாசலில் நிற்பாள்.

அன்று அவள் அம்மா சொந்தக்காரர் கல்லறைகளை முடித்துக்கொண்டு, நடுவில் இருந்த பெரிய சிலுவையடியில் தனியாக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மற்ற வருஷங்களில் மதிலோரச் சிரிப்பில் நான் இதைக் கவனித்ததே இல்லை. அருகில் நின்ற ஓர் அம்மாளிடம் கேட்டேன்.

“வேற எங்கயோ செத்து, இங்க கல்லற இல்லாதவங்களுக்கு அங்கதான் ஏத்துவாங்க” என்றார்.

எனக்கு அது போதும். மகளிடம் மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். நேரில் சொல்ல நா எழவில்லை. ஆனால் எழுதுகிற திமிர் சும்மா இருக்குமா? அப்பாவாகவே எழுதினேன்: ‘கண்ணு, அப்பா செத்துப்போய்விட்டேன். உன்னை நினைத்துக்கொண்டேதான் கண்ணை மூடினேன். இனி தபாலுக்காக நிற்காதே.’ எழுதும்போது அழுகை வந்தது. நன்றாக வந்திருக்கிறது என்று பெருமையும் வந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அவள் படித்தாள். சிரிக்கவில்லை. தாளோடு சிலுவையடிக்கு ஓடினாள்.

“அப்பா செத்துட்டாங்களாம்மா?”

அவள் அம்மா கடிதத்தைப் படித்துவிட்டு வந்து என் கன்னத்தில் அறைந்தார். “அடிப் பாவி, இந்த மெழுகுவத்தி எங்க அண்ணனுக்குடி! இவ பொறக்கறதுக்கு முன்னாடியே கடல்ல போனவரு, உடம்புகூடக் கெடைக்கல. உசுரோட இருக்குற மனுசன ஏன்டி சாகடிக்கிற?”

அம்மா கீழே எறிந்த கடிதத்தைத் தோழி எடுத்து மடித்து வைத்துக்கொண்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்; நான் பென்சிலால் கெட்டேன். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படியை நான் மிதிக்கவில்லை. அவளும் என்னிடம் பேசவில்லை.

மறு வருஷம் தபால் வந்தது. அப்பா உயிரோடுதான் இருந்தார். சைகோனிலேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு குழந்தையும் பிறந்துவிட்டதாம், இனி வரமாட்டாராம். தெருவே பேசித் தீர்த்தது.

சில நாள் கழித்துக் குழாயடியில் அவள் தனியாக நின்றாள். “அன்னிக்கு அப்படி எழுதினதுக்கு மன்னிச்சிடுடி” என்றேன்.

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

“அந்தக் கடுதாசிய நான் கிழிக்கலடி. அதுல எழுதியிருந்ததே நெசமா இருந்திருக்கலாம்.”