வைரி தின்றது என்ன

ராசிபுரத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில் எலி வளை தோண்டுவதில் அத்தாயியை மிஞ்ச ஆள் கிடையாது. ஆம்பளைகள் வரப்பு முழுக்கக் கொத்திப் போட்டுவிட்டு வெறும் சாக்கோடு திரும்புவார்கள். அவள் நாலே இடத்தில் கடப்பாறையைப் போடுவாள், எலி உள்ளே சேர்த்து வைத்த சோளமோ கடலையோ அரை மரக்கால் எடுத்து வருவாள். எலியும் கிடைக்கும். காட்டு எலி, சுட்டுத் தின்றால் நன்றாகவே இருக்கும். முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும்.

அவளுக்கு வளையைக் காட்டிக் கொடுத்தது ஒரு பறவை. பருந்து என்றதும் ஆட்கள் வானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். இது வட்டமடிக்கிற சாதி இல்லை. காக்கையைவிடக் கொஞ்சம் பெரிசு, மண் நிறம், கண் மட்டும் வெளுத்திருக்கும். வெள்ளைக்கண் வைரி என்பார்கள். ஓடைக்கரையில் பட்டுப்போன ஊஞ்ச மரம் ஒன்று நின்றது. அதன் நுனியில் முளைக்குச்சி அடித்த மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கும். தரையில் எதாவது நகர்ந்தால் பொத்தென்று இறங்கும். துரத்துகிற வேலை கிடையாது. எழும்போது காலில் ஒன்று இருக்கும், இல்லாவிட்டால் மறுபடி மரத்துக்கே போய்விடும்.

தீனியில் அதற்கு வக்கணையே இல்லை. அறுப்புச் சமயத்தில் எலி. வெயிலில் ஓணான். மழை பெய்தால் தவளை, ஈசல், வாய்க்கால் நண்டு. ஒரு தடவை முழ நீளப் பாம்புக்குட்டியை மிதித்துக்கொண்டு நின்றதை நானே பார்த்திருக்கிறேன். இதெல்லாம் அத்தாயிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வைரி ஒரே வரப்பில் இரண்டு நாள் எலி தூக்கினால் மூன்றாம் நாள் அங்கே அவள் கடப்பாறை இறங்கும்.

"என்ன புள்ள, அது பின்னாலயே அலையற. உன்ற பொறந்தவனா?" என்பேன்.

"ஆமாங்ண்ணா. எம் பொறந்தவன் எனக்குச் சீரு குடுக்கறான். உங்களுக்கேன் வகுறு எரியுது?"

அவள் புருசன் சின்னண்ணன் கிணறு வெட்டுகிறவன். வெடி வைத்த இடத்தில் கல் விழுந்து தொடை நொறுங்கி, மூன்று வருசமாகக் கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். மூத்தவள் பொன்னாயிக்கு ஏழு வயது. சின்னவள் ராசாத்தி பால்குடி. நாலு வயிற்றுக்கும் அத்தாயியின் இரண்டு கைதான்.

அறுபத்தஞ்சில் மழை ஏய்த்துவிட்டது. ஐப்பசியில் இரண்டு தூறல் விழுந்து புல் தலை காட்டியதோடு சரி. களை வெட்டக்கூட ஆள் கூப்பிடவில்லை. நான் பண்ணையத்தில் இருந்தது பாலசுந்தரம் என்ற நிலக்காரரிடம், ஊருக்கே அவர்தான் பண்ணாடி. கிணற்றில் ஊறிய தண்ணீரை வைத்து இரண்டு ஏக்கர் கடலையைக் காப்பாற்றியிருந்தார். அதை எலி தின்றது. பருத்திக்கு அடிக்கிற எண்ட்ரின் பூச்சிமருந்து வாங்கி வந்து, சோளத்தில் ஊற்றிப் பிசறி வரப்போரம் வைக்கச் சொன்னார். வைத்தவன் நான்தான். வைத்த கையோடு அத்தாயி குடிசைக்குப் போய்ச் சொன்னேன்.

"பண்ணாடி காட்டுப் பக்கம் கடப்பாறையத் தூக்கிட்டு வந்துறாத. மருந்து வெச்சிருக்குது."

"எத்தன நாளைக்குங்ண்ணா?"

"எனக்கென்ன தெரியும்? இந்தப் போகம் முடியட்டும்."

"அதுவரைக்கும் என்னத்தத் திங்கறது? மண்ணயா?"

என் வீட்டிலும் ஒரு வேளைக் கூழ்தான்.

அவள் பண்ணாடி காட்டுக்கு வரவில்லை, சொன்ன பேச்சைக் கேட்டாள். ஓடைக்கு அந்தப் பக்கம் புறம்போக்குக் கரை, நூறு அடி தள்ளி. அங்கே பழைய வளைகள் இருந்தன. அதையும் அவள் உடனே தோண்டவில்லை. எட்டு நாள் கள்ளி மறைவில் உட்கார்ந்து வைரியைப் பார்த்தாள்.

"எலி அங்கிட்டு மருந்தத் தின்னுட்டு இங்கிட்டு வந்துச்சுன்னா, அதத் தூக்கற வைரி சாவுமில்லீங்ண்ணா? எட்டு நாளா அந்தக் கரையிலதான் எறங்கித் தின்னுது. நல்லாத்தான் இருக்குது."

நான் யோசித்துப் பார்த்தேன். எனக்கும் சரியாகத்தான் பட்டது. "தோண்டு போ" என்றேன்.

ஒன்பதாம் நாள் தோண்டினாள். வளையில் எலி ஒன்றுகூட இல்லை. ஆனால் சோளம் இருந்தது, ஒரு மரக்கால் நிறைய. "எலியெல்லாம் ஊரு மாத்திக்கிட்டுப் போயிருச்சாட்ட. நெல்லு மூட்டைய உட்டுட்டுப் போற பணக்காரன் மாதிரி" என்று சாக்கை என்னிடம் பிரித்துக் காட்டினாள். எலி மூத்திர வாடையும் ஈர மண் வாடையும்தான் அடித்தது. அவள் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி, பாறையில் காயவைத்து, திரித்துக் களி கிண்டினாள். மத்தியானம் சின்னண்ணன் தின்றான், பொன்னாயி தின்றாள். பொன்னாயி இன்னொரு உருண்டை கேட்டாள், கொடுத்தாள். சட்டியில் ஒட்டியதைச் சுரண்டிக்கொண்டு அத்தாயி உட்கார்ந்தபோது பொன்னாயி கை கால் இழுத்துக்கொண்டு விழுந்தாள். கட்டிலில் சின்னண்ணனுக்குப் பல் கிட்டிவிட்டது.

சத்தம் கேட்டு ஓடினேன். பண்ணாடி வண்டியைக் கேட்காமலே பூட்டிக்கொண்டு ராசிபுரம் ஆஸ்பத்திரிக்கு அடித்தேன். பாதி வழியில் பொன்னாயி அடங்கிவிட்டாள். சின்னண்ணன் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் இருந்தான். டாக்டர் வாயை மோந்து பார்த்துவிட்டு, என்ன மருந்து என்று என்னைத்தான் கேட்டார். சொன்னேன்.

போலீஸ் வந்தது. எல்லாரிடமும் சொல்லித்தான் மருந்து வைத்தேன் என்றார் பண்ணாடி. உண்மைதான். முடமான புருசனை அவளே தீர்த்துவிட்டாள் என்று ஊரில் நாலு வாய் பேசியது. அவள் காதில் அது விழுந்ததா, தெரியாது. சட்டி சுரண்டித் தின்ற அந்தக் கொஞ்சமே போதுமாக இருந்தது, வாந்தியும் தலைச்சுற்றலுமாக நாலு நாள் கிடந்தாள். அந்த நாலு நாளும் ராசாத்தி என் வீட்டில் ஆட்டுப்பால் குடித்தது.

ஐந்தாம் நாள் கடப்பாறையை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தாள். மரத்தை வெட்டப் போகிறாளோ, பறவையை அடிக்கப் போகிறாளோ என்று பின்னாலேயே போனேன். வைரி நுனியில்தான் உட்கார்ந்திருந்தது. அவள் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மரத்தடியில் குத்தவைத்தாள். செரிக்காததை அது உருண்டை உருண்டையாகக் கக்கி வைக்கும், கட்டைவிரல் தடிமன் இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்து விரலால் பிட்டாள். வெட்டுக்கிளிக் கால், வெட்டுக்கிளிச் சிறகு, ஓணான் தோல், மறுபடி வெட்டுக்கிளிக் கால். இருபதுக்கு மேல் பிட்டிருப்பாள். எலி மயிர் ஒன்று இல்லை, ஒரு பல் இல்லை.

"எலியே திங்கலீங்ண்ணா இது" என்றாள். "தூறலுக்குப் புல்லு வந்துச்சு, வெட்டுக்கிளி கெளம்புச்சு. அதத்தான் தின்னுக்கிட்டு இருந்திருக்குது. நான் எட்டு நாளும் எலின்னே நெனச்சுக்கிட்டு இருந்தனே. எலி மருந்துச் சோளத்தக் கொண்டாந்து வளையில சேத்துட்டு எங்கியோ போயிச் செத்திருக்குது."

அழவில்லை. கையை மண்ணில் துடைத்துவிட்டு எழுந்தாள்.

பஞ்சம் அத்தோடு தீரவில்லை. பதினாறு கழிந்து பத்து நாளில் மறுபடி வளை தோண்டப் போனாள். வேறு வழி? போகாதே என்று நான் சொல்லவில்லை, சொல்வதற்கு என்னிடம் சோளமும் இல்லை. அப்புறம் அவள் எந்தப் பறவையையும் பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. கிண்டிய களியில் முதல் உருண்டையைத் தானே தின்பாள். சட்டியை மூடி உறியில் வைத்துவிட்டு, வாசலில் சுவரோரம் சாய்ந்துகொள்வாள். அவளுக்குப் பால் வற்றிப்போய் ராசாத்திக்கும் களிதான் என்றாகியிருந்தது, அது மடியைப் பிடித்து இழுத்து அழும். பொழுது சாய்கிற வரைக்கும் சட்டியைத் தொடமாட்டாள்.

"பெத்தவ முழுங்கிட்டு உக்காந்திருக்கா, புள்ள பசியில கத்துது, பாரு" என்று தண்ணீருக்குப் போகிற பொம்பளைகள் அவள் காதுபடவே சொல்லிக்கொண்டு போவார்கள்.

"போங்க சாமி, உங்க சோலியப் பாருங்க" என்பாள். பிறகு கையை நீட்டி, விரல் நடுங்குகிறதா என்று பார்த்துக்கொள்வாள்.