மே இருபத்தொன்பது, அக்டோபர் நான்கு

எவரெஸ்ட் உச்சியில் மனிதன் முதன்முதலாகக் கால் வைத்தது 1953, மே இருபத்தொன்பது. கான்ஸ்டான்டிநோபிள் நகரம் துருக்கியர் கையில் விழுந்தது 1453, அதே மே இருபத்தொன்பது. என் மகள் பிறந்ததும் அதே தேதியில்தான் என்று ஏறக்குறைய முப்பது வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்தத் தேதியைப் போட்டவனே நான்தான் என்பது மறந்துபோகும் அளவுக்கு நம்பினேன்.

நெய்வேலி சுரங்கத்தில் பெல்ட் ஓட்டுவது என் வேலை. மண்ணையும் நிலக்கரியையும் கிலோமீட்டர் கணக்கில் சுமந்துபோகும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு கேபின். அதில் நான், ஒரு போன், ஒரு லாக் புத்தகம். எந்த பெல்ட் எப்போது நின்றது, எதனால் நின்றது, எப்போது மறுபடி ஓடியது என்று ஷிப்ட் முடிவதற்குள் எழுதி வைக்க வேண்டும். சேர்ந்த புதிதில் எங்கள் இன்ஜினியர் சொன்னார்: "நடந்தத எழுதுப்பா. நீ நெனச்சத எழுதாத." நல்ல பேச்சுதான். வேலையோடு நிறுத்தியிருக்கலாம், வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன்.

வீட்டில் தடிமனான நோட்டு ஒன்று வைத்திருந்தேன். தேதிக்கு ஒரு பக்கம், மொத்தம் முந்நூற்று அறுபத்தாறு பக்கம். பிப்ரவரி இருபத்தொன்பதுக்கும் பாரபட்சம் காட்டவில்லை. லைப்ரரியில் உட்கார்ந்து இயர்புக்கையும் பழைய பேப்பரையும் புரட்டி, எந்தத் தேதியில் உலகத்தில் என்ன நடந்தது என்று எழுதுவேன். ஏப்ரல் பன்னிரண்டு, மனிதன் விண்வெளிக்குப் போனான். ஏப்ரல் பதினைந்து, டைட்டானிக் மூழ்கியது. டிசம்பர் முப்பதில் இரண்டு: 1922இல் சோவியத் யூனியன் உருவானது, 2011இல் தானே புயல் எங்கள் டவுன்ஷிப் மரங்களைச் சாய்த்துப் போட்டது. எங்கள் முதல் அனல்மின் நிலையத்தைக் கட்ட உதவியவர்கள் அந்த சோவியத் ஆட்கள்தான் என்பதால், இரண்டும் ஒரே பக்கத்தில் வந்ததில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

"ஒலகத்துல நடந்ததெல்லாம் எழுதிக்கினு கெடக்கறீங்க. இந்த வூட்டுல என்னா நடக்குதுன்னு தெரியுதாங்க?" என்பாள் மனைவி. திருவதிகைப் பக்கத்துக்காரி. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். சிரித்துக்கொண்டு சொன்னதால் நானும் காதில் வாங்கவில்லை.

மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை, மனைவி மட்டும் போய்விட்டு வந்தாள். அதன் பிறகு அம்மாவும் பெண்ணும் போனில் பேசிக்கொள்வார்கள், நான் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருப்பேன். தானே புயலுக்குப் பிறகு பல நாள் கழித்து லைன் வந்தபோது, "அப்பாகிட்ட குடுக்கவா?" என்று மனைவி கேட்டது எனக்குக் கேட்டது. மறுமுனையில் என்ன பதில் வந்ததோ, அவள் போனைக் கொடுக்கவில்லை. நானும் கை நீட்டவில்லை. பிடிவாதத்தில் மகள் எனக்குத் தப்பாமல் பிறந்தவள்.

அடுத்த வருடம் மனைவி போய்ச் சேர்ந்தாள். அடக்கத்துக்கு மகள் பூனாவிலிருந்து வந்தாள், மாதா கோயிலில் மூன்றாம் நாள் பூசை முடிந்ததும் கிளம்பினாள். வாசலில் பையோடு நின்றுகொண்டு, "கேஸ் முடியப் போகுது, புக் பண்ணிக்கோங்க" என்றாள். அவ்வளவுதான். அப்படி வாங்கிய புது சிலிண்டர் தீர எனக்கு எட்டு மாதம் ஆனது. ஒற்றை ஆள் என்னத்தைச் சமைப்பது?

ஒரு குவார்ட்டர்ஸில் எத்தனை சத்தம் இருந்தது என்பது, அது போன பிறகுதான் தெரிகிறது. ஷிப்ட் பஸ்ஸில் நூறு பேரோடு வருகிறேன், சிரிக்கிறேன், பூட்டைத் திறக்கிறேன். உள்ளே, நான் காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அதைப் பார்க்க எரிச்சலாக வரும். யார் மேல் எரிச்சல்படுவது?

வாட்ஸ்அப் வந்தபோது ஒரு வழி கிடைத்த மாதிரி இருந்தது. எப்படி இருக்கிறாய் என்று கேட்கத் தெரியவில்லை. தெரிந்ததைச் செய்தேன். தினமும் காலையில் நோட்டின் அன்றைய பக்கத்தைத் தட்டச்சு செய்து மகளுக்கு அனுப்பினேன். "நவம்பர் 9. பெர்லின் சுவர் திறந்தது, 1989." சற்று நேரத்தில் இரண்டு டிக்கும் நீலமாகும். பதில் வராது. படிக்கிறாள் என்பதே போதும் என்று சொல்லிக்கொள்வேன். போதவில்லை என்பது எனக்குத் தெரியும்.

மே இருபத்தொன்பது வந்தது. எவரெஸ்ட்டைப் போட்டேன், கான்ஸ்டான்டிநோபிளைப் போட்டேன், அதற்குக் கீழே, "இதே நாளில் நீ பிறந்தாய். வாழ்த்துகள். அப்பா" என்று போட்டேன். அந்த ஒரு வரியை அடிக்க அரை மணி நேரம் ஆனது.

அன்றைக்குப் பதில் வந்தது, முதல் தடவையாக. "அது நீங்க ஸ்கூல்ல குடுத்த தேதி. நான் பொறந்த நாள் இல்ல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன், மறைத்த இடத்தையே மறந்து அதில் கை வைத்த கதை. அட்மிஷனுக்குக் கூட்டிப்போன நாள் நினைவுக்கு வந்தது. ஐந்து வயது முடிந்திருந்தால்தான் ஒன்றாம் வகுப்பு என்றார் டீச்சர். முடிய இன்னும் சில மாதம் இருந்தது. எனக்கு ஷிப்ட்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. டீச்சரிடம் இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டு, அதே தேதியை, ஐந்து வருடம் முன்னால் போட்டு எழுதிக் கொடுத்தேன். அன்றோடு ஐந்து முடிந்தது. எங்கள் காலத்தில் எல்லோரும் செய்ததுதான். பாதி டவுன்ஷிப் பிள்ளைகள் பேப்பரில் மே, ஜூனில் பிறந்தவர்கள். ஆனால் மற்ற அப்பன்களுக்கு நிஜத் தேதியும் தெரிந்திருக்கும்.

அதன் பிறகு மெடிக்கல் புத்தகம், பாஸ், மார்க் ஷீட், எல்லாவற்றிலும் அதையே எழுதி எழுதி அதுவே எனக்கு நிஜமாகிவிட்டது. வருடத்தில் ஒருநாள் மனைவி மகளைக் கோயிலுக்குக் கூட்டிப் போவாள், சேமியா பாயசம் எனக்கும் மூடி வைத்திருப்பாள். ஷிப்ட் முடிந்து வந்து குடித்திருக்கிறேன். எந்த மாதம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மகளையே கேட்டிருக்கலாம். கேட்டால், பெற்றவனுக்கே தெரியாது என்பது எழுத்தில் ஆகிவிடுமே! மச்சினனுக்குப் போன் போட்டேன்.

"மழ நாளு மாமா. கெடிலம் ஆத்துல தண்ணி ஓடிக்கினு இருந்துது. தேதி யாருக்குத் தெரியும்? எங்க ஊரு கோயில்ல எழுதி வெச்சிருப்பாங்க, போயி பாருங்க."

முதல் பிரசவம் தாய் வீட்டில் என்பது வழக்கம், ஞானஸ்நானமும் அங்கேயே. ஒரு வார ஓய்வு நாளில் பஸ் பிடித்துப் போனேன். கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் சின்ன வயது. ஆறு பழைய பதிவேடுகளை எடுத்துப் போட்டார். மூன்றாவதில் கிடைத்தது. பிறந்த தேதி: அக்டோபர் நான்கு. ஞானத்தகப்பன் என்ற இடத்தில் மச்சினன் பெயர். தகப்பன் கையெழுத்து என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தது.

"ஞானஸ்நானத்துக்கு நீங்க வரலீங்களா?" என்றார் உபதேசியார். குத்தலாக இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஷிப்ட்டுங்க" என்றேன். அது உண்மையா என்றுகூட எனக்கு நிச்சயமில்லை.

வீட்டுக்கு வந்து அக்டோபர் நான்காம் பக்கத்தைப் பிரித்தேன். 1957, உலகின் முதல் செயற்கைக்கோள். 1582, பழைய காலண்டரின் கடைசி நாள்; கணக்கைச் சரிசெய்யப் போப்பாண்டவர் உத்தரவு போட, அன்று படுத்து எழுந்தவர்களுக்கு மறுநாள் அக்டோபர் பதினைந்து. என் கையெழுத்துதான். இருபது வருடமாக அந்தப் பக்கத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். செயற்கைக்கோளுக்கு இடம் இருந்த பக்கத்தில் அவளுக்கு ஒரு வரி இல்லை. அன்று அழுதேன். மறைக்க வேண்டிய ஆள் யாரும் வீட்டில் இல்லை.

அக்டோபர் நான்கு வரை வழக்கம்போல் அனுப்பிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மட்டும் லீவு போட்டுவிட்டு, ஒன்றும் அனுப்பாமல், காலை ஏழரைக்குப் போன் செய்தேன். எடுக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன். எடுத்தாள். பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"இன்னிக்கிதான உனக்குப் பொறந்த நாளு" என்றேன்.

அடுப்பை அணைத்தாள் போலிருக்கிறது, விசில் நின்றது. "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. உங்க மாமா ஊரு கோயிலுக்குப் போயி புத்தகத்துல பாத்தேன்."

"அம்மா இருந்தப்ப ஒரு தடவ கேட்டிருக்கலாமேப்பா."

கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னை அப்பா என்று கூப்பிட்டது அப்போதுதான். அதற்குச் சந்தோஷப்படக்கூட முடியவில்லை. போனை வைத்துவிடுவாளோ என்று பயந்து, எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன்.

"நீ பொறந்தது காலையிலயா, சாயங்காலமாம்மா?"

"தெரியலப்பா" என்றாள். "அது அம்மாவுக்குத்தான் தெரியும்."