ஒஸ்லோவிலிருந்து கோத்தன்பர்க்: மருமகனை ஒன்றியத்தில் சேர்க்கப் போன கதை

ஒஸ்லோவிலிருந்து கோத்தன்பர்க்குக்குக் காரில் போவது பற்றி எழுதச் சொல்லிப் பலர் கேட்டிருந்தீர்கள். போன செப்டெம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை போய்வந்தேன். ஆனால் ஊர் பார்க்கவோ சுவீடனில் மலிவு விலையில் கோழி வாங்கவோ நான் போகவில்லை. என் மருமகள் அபிராமியின் கல்யாணத்துக்கு ஒரே ஒரு சம்மதம் பாக்கி இருந்தது, அதை வாங்கப் போனேன். ஆகவே இதில் பாதி பாதை, பாதி குடும்பம். பாதை மட்டும் போதும் என்பவர்கள் கீழே குறிப்புகள் உள்ள பத்திக்கு நேரே போய்விடலாம், நான் கோபிக்க மாட்டேன்.

அபி என் அக்காவின் மகள். பிறந்து வளர்ந்தது ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட் பகுதியில். நகரசபையில் குடிநீர்க் குழாய்களைக் கவனிக்கும் பொறியியலாளர். அவள் தெரிவு செய்த பையன் தமியான், வட மசிடோனியாக்காரன், ஒஸ்லோவில் லிஃப்ட் திருத்துபவன். ட்வெய்ட்டா அடுக்குமாடியில் அபி சிநேகிதி வீட்டுக்குப் போனபோது லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. உள்ளே இருந்தவள் அபி, வெளியே கதவைத் திறந்தவன் இவன். சினிமாக்காரர்கள் இப்படி எடுத்தால் நம்ப மாட்டோம்.

அத்தான், அபியின் அப்பா, காலமாகிச் சில வருடங்கள். அபிக்குத் தகப்பன் ஸ்தானத்தில் இருப்பவர் அத்தானின் தமையன், கோத்தன்பர்க்கில் இருக்கும் அவளுடைய பெரியப்பா. கனடாச் சித்தி, லண்டன் மாமி எல்லோரும் சம்மதம் சொல்லியாயிற்று. அவர் மட்டும் "பாப்பம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவோ ஒரே பிடி. "பெரியத்தான் வாயாலை ஓமெண்டு வராமல் நான் பொன்னுருக்க மாட்டன்" என்றாள். தாலிக்குப் பொன்னை உருக்கும் சடங்கு நடந்தால்தான் எங்கள் வீடுகளில் கல்யாணம் தொடங்கிய கணக்கு. அபியும் அம்மா அழுதபடி நிற்கும் கல்யாணம் தனக்கு வேண்டாம் என்றுவிட்டாள். அக்கா எங்களோடு வரவும் இல்லை. அவர் முகத்துக்கு நேரே இல்லையென்று சொன்னால் தாங்க மாட்டாளாம். தாய்மாமன் எதற்கு இருக்கிறேன்? பேச்சுவார்த்தைக் குழுத் தலைவர் நான்தான்.

காலை எட்டுக்கு அபியும் தமியானும் நானும் மோர்டென்ஸ்ருட்டில் புறப்பட்டோம். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகுகாலம், அதற்கு முன் வெளிக்கிட வேண்டும் என்பது அக்காவின் உத்தரவு. ஈ-6 நெடுஞ்சாலையில் ஏறினால் திரும்பும் வேலையே இல்லை, தெற்கே ஒரே கோடு. சுவீடன் எல்லையான ஸ்வினெசுண்ட் ஏறக்குறைய நூற்றுப் பதினைந்து கிலோமீற்றர். பாலத்துக்கு இந்தப் பக்கம், நோர்வேக் கரையில், என் மின்கார் சார்ஜ் ஏறுவதற்காக நிறுத்தினோம். ஒன்பதரை மணி. அப்போது அக்கா போன் எடுத்தாள்.

"எங்கை நிக்கிறியள்?"

"எல்லையிலை. சார்ஜ் போடுறம்."

"ஐயோ, நிப்பாட்டினா திரும்ப வெளிக்கிடுற நேரமும் பாக்கோணும். ராகுகாலம் முடியாமல் பாலத்தைத் தாண்டாதையுங்கோ!"

"அம்மா, அது யாழ்ப்பாணத்துச் சூரியனுக்குப் போட்ட நேரம். இஞ்சை எப்ப விடியுது எண்டு ராகுவுக்குத் தெரியுமே?" என்றாள் அபி. அக்கா அசையவில்லை. ஷெங்கன் எல்லையில் கடவுச்சீட்டுக் கேட்காத காலத்தில் ராகு பகவான் எங்களைத் தடுத்து வைத்தார். நல்லதுதான். தேமஸ் பிளாஸ்கில் கோப்பி இருந்தது, கீழே பச்சைத் தண்ணீர், இரண்டு பக்கமும் கரும்பாறை, தலைக்கு மேலே பெரிய வளைவுப் பாலம். வெறுமனே காரில் பறந்து போகிறவர்கள் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள்.

அபி தங்கள் குடும்பத்தை 'ஐரோப்பிய ஒன்றியம்' என்றுதான் சொல்வாள். ஒருத்தர் தலையாட்டாவிட்டாலும் காரியம் நடக்காது. "உண்மையான ஒன்றியத்தில் எப்படித்தான் ஒரு நாட்டைச் சேர்க்கிறார்கள்?" என்று தமியானிடம் கேட்டேன். நாங்கள் கதைத்தது நோர்வேஜிய மொழியில், அதை எங்கள் தமிழில் தருகிறேன்.

அவன் சொன்னது இது: முதலில் விண்ணப்பம். சனநாயகமும் சட்டத்தின் ஆட்சியும் உள்ள எந்த ஐரோப்பிய நாடும் போடலாம். ஒன்றியத்தின் ஆணையம் அதைப் படித்துக் கருத்துச் சொல்லும். உறுப்பு நாடுகள் எல்லாம் ஒருமித்தால் 'வேட்பாளர் நாடு' என்ற பட்டம் கிடைக்கும். பிறகு பேச்சுவார்த்தை: நீதிமன்றம், விவசாயம், மீன்பிடி, சுங்கம் என்று முப்பத்தைந்து அத்தியாயங்கள். ஒன்றியத்தின் சட்டங்களை நாட்டுக்குள் கொண்டுவந்து, நடத்தியும் காட்ட வேண்டும். ஒவ்வொரு அத்தியாயத்தையும் மூடுவதற்கு இருபத்தேழு நாடுகளும் சம்மதிக்க வேண்டும். எல்லாம் முடிந்தால் ஒப்பந்தம், ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் இசைவு, அதற்குப் பிறகு நாடு நாடாக ஒப்புதல். எந்தப் படியிலும் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டால் வண்டி நின்றுவிடும்.

தமியானின் நாட்டு வண்டி நின்றுதான் இருக்கிறது. 2005இல் வேட்பாளர் பட்டம் கிடைத்தது. தன் வட மாகாணத்துக்கும் மசிடோனியா என்றுதான் பெயர், நீங்கள் அதை வைத்திருக்கக் கூடாது என்றது கிரேக்கம். இழுபறிப்பட்டு, 2019இல் நாட்டின் பெயருக்கு முன்னால் 'வட' என்று சேர்த்துக்கொண்டார்கள். அடுத்ததாக மொழி, வரலாறு பற்றிப் பல்கேரியா ஆட்சேபித்தது. இப்போது அரசியல் யாப்பைத் திருத்திவிட்டு வா என்ற இடத்தில் நிற்கிறது.

"பேர் மாத்தின நேரம் அம்மா அழுதவா" என்றான் தமியான். "பிள்ளையள் ஐரோப்பாவுக்குப் போவினம், அழாதை எண்டு அப்பா சொன்னவர். பிள்ளை வந்திட்டான். நாடு இன்னும் வாசலிலை."

சமாளிக்க நோர்வேயை இழுத்தேன். இந்த நாடு இரண்டு தரம் பேசி முடித்து, ஒப்பந்தத்தில் கையெழுத்தும் வைத்துவிட்டு, 1972இலும் 1994இலும் சனங்களிடம் கேட்டது. இரண்டு தரமும் சனங்கள் வேண்டாம் என்றார்கள். இன்றைக்கும் ஒன்றியத்தின் சந்தைச் சட்டங்களைப் பின்பற்றுகிறது, பணமும் கட்டுகிறது, வாக்கு மட்டும் இல்லை. "அப்ப எல்லாரும் ஓமெண்ட பிறகும் வரேல்லையோ!" என்று தமியான் சிரித்தான். "கேக்கிற ஆளுக்கும் ஒரு வோட் இருக்கு, மாமா" என்றாள் அபி. நானும் சிரித்துவிட்டுப் பத்தரைக்குக் காரை எடுத்தேன்.

பாலம் தாண்டினால் ஒன்றியம். வித்தியாசம் என்று பெரிதாக ஒன்றும் தெரியாது. பெயர்ப்பலகை நிறம் மாறும், பக்கத்தில் வீட்டுக் கூரை அளவு இனிப்புக் கடை வரும், பாதை இன்னும் அகலமாகும். மீதி நூற்று எண்பது கிலோமீற்றரும் வயல், பாறை, வயல். அந்த நேரத்தில் நான் தமியானுக்குக் கடைசிப் பாடம் எடுத்தேன். குடும்பம் கேட்ட ஒவ்வொன்றையும் அவன் ஏற்கெனவே முடித்திருந்தான். தமிழ் படி என்றார்கள், பியோர்ண்டாலில் ஒரு ரீச்சரிடம் படிக்கிறான். கோயிலில் தாலி என்றார்கள், சரி. வேட்டி, சரி. கையால் சாப்பிடுவது, எங்களில் சிலரை விடச் சுத்தம். அத்தியாயமெல்லாம் மூடியாயிற்று, போய் விழுந்து கும்பிட்டால் காரியம் முடிந்தது என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னேன்.

பெரியப்பா வீட்டுக் கதவில் பெயர்ப்பலகை இருக்கிறது. சுவீடன்காரர்களின் பலகையில் ஒரு கையகலப் பெயர் இருக்கும். இவருடையதில் 'சிவபாலசுந்தரம்' இடம் போதாமல் விளிம்பு வரை போய் நிற்கும். புரட்டாதிச் சனி என்றபடியால் மரக்கறிச் சாப்பாடு. பெரியம்மா பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பூசணிக்காய், பொரித்த வடகம் என்று ஒரு கல்யாண வீட்டுக்குச் சமைத்திருந்தார். தமியான் "வடகம் இன்னும் கொஞ்சம்" என்று தமிழில் கேட்டதும் அவருடைய வாக்கு விழுந்துவிட்டது. அதை நான் என் கண்ணால் கண்டேன்.

பெரியப்பாவும் உற்சாகமாகி, எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் பாடமான கதையை எடுத்தார். அவர் வேலைக்குச் சேர்ந்த பட்டறையில் ஃபோர்மன் இவருடைய பெயரைப் பார்த்துவிட்டு, நீளமாக இருக்கிறது, 'ஸ்டீவ்' என்று கூப்பிடுகிறேன் என்றானாம்.

"நான் சொன்னனான், உம்மடை மெஷின்ரை பேர் இதை விட நீளம், அதை நீர் பாடமாக்கேல்லையோ? ஸ்டீவ், ஸ்டீவ் எண்டு கத்தினான். நான் திரும்பியும் பாக்கேல்லை. ஒரு கிழமையிலை முழுப் பேரும் அவன்ரை வாயிலை வந்திட்டுது!"

தமியான் மேசையில் தட்டிச் சிரித்தான். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். பாயாசம் வந்தது. பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

"எல்லாம் சரி. ஒண்டே ஒண்டுதான். கலியாணக் கார்டிலை பேர் போடோணுமெல்லே. தாமோதரன் எண்டு போடுவம். கிட்டத்தட்ட அதே சத்தம்தானே. கனடாவிலை ஆக்களும் ஒண்டும் கதைக்க மாட்டினம்."

அபி அதை நோர்வேஜியத்தில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் விளங்கிக்கொண்டான். பாயாசக் கிண்ணத்தை மெதுவாக மேசையில் வைத்தான்.

"பெரியப்பா, தமிழ் படிக்கச் சொன்னீங்கள், படிக்கிறன். கோயில் எண்டீங்கள், சந்தோஷம். பேர் மாத்த மாட்டன்." அதுவரை தமிழ். அதற்குப் பிறகு நோர்வேஜியம், சுவீடிஷ் தெரிந்தவருக்கு அது விளங்கும்: "எங்கடை நாடு பேரை மாத்தினது. மாத்தின பிறகும் அடுத்த ஆள் அடுத்ததைக் கேட்டது. பேர் மாத்தினால்தான் உள்ளை விடுவீங்கள் எண்டா, நாங்கள் நகரசபையிலை பதிவுக் கலியாணம் எழுதிப்போட்டு வெளியிலை இருப்பம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவம். நோர்வே மாதிரி."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். அக்காவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. பெரியப்பா என்னைப் பார்த்தார், பேச்சுவார்த்தைக் குழுத் தலைவர் வடகத்தைப் பார்த்தார். அபிதான் வாய் திறந்தாள். சத்தம் போடவும் இல்லை.

"பெரியப்பா, இப்பதானே ஃபோர்மன்ரை கதை சொன்னனீங்கள்."

அவ்வளவுதான். பெரியப்பா எழும்பி பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினார். "விடுங்கோ, அங்கை போய் நிண்டா யோசிக்கிறார் எண்டு அர்த்தம்" என்று பெரியம்மா தமியானுக்கு இன்னும் பாயாசம் வார்த்தார். அவன் குடிக்கவில்லை. அபி மேசைக்குக் கீழே அவன் கையைப் பிடித்திருந்தாள்.

பெரியப்பா திரும்பி வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கதிரையில் இருந்தார்.

"உம்மடை முழுப் பேர் என்ன?"

"தமியான் ஸ்தோயனோவ்ஸ்கி."

"ஸ்தோ... ஸ்தோனா..."

"ஸ்தோயனோவ்ஸ்கி."

"ஸ்தோயவ... சீ. இன்னொருக்காச் சொல்லும்."

மூன்று தரம் பிழைத்தது. நாலாவது தரம் முயலாமல், தேத்தண்ணி போடச் சொல்லிவிட்டு எழும்பிவிட்டார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கேட்பதற்கு எனக்குத் துணிவும் வரவில்லை.

போகப் போகிறவர்களுக்குக் குறிப்புகள். மொத்தம் முந்நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, ராகுகாலம் குறுக்கிடாவிட்டால் மூன்றரை மணித்தியாலம். சார்ஜுக்கு எனக்கு ஒரு வழிக்கு நூற்றுத் தொண்ணூறு குரோனர் போனது. ஸ்வினெசுண்ட் பாலத்துக்கு இப்போது கட்டணம் இல்லை. கோத்தன்பர்க்கில் சனி, ஞாயிறு நெரிசல் கட்டணமும் இல்லை, ஆகவே வார இறுதியில் போங்கள். கார் இல்லாதவர்களுக்கு ரயிலும் பஸ்ஸும் உண்டு, நாலு மணித்தியாலமளவில் போய்விடலாம். நோர்வே ஒன்றியத்தின் சுங்க எல்லைக்கு வெளியே என்பதை மறக்க வேண்டாம். திரும்பும்போது இறைச்சிக்கும் மதுவுக்கும் அளவு உண்டு, முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் காரில் கொஞ்சம் இடம் விட்டுப் போங்கள், பெரியம்மாக்கள் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். எல்லாம் சரியென்ற நம்பிக்கையில் என்னைப் போல நெஞ்சைத் தட்டுவதை மட்டும் வீட்டுக்கு வந்தபிறகு செய்யுங்கள்.

திரும்பும் வழியில் மடியில் வடகப் பையோடு அபி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பாலத்தில் ஏறும்போது அக்கா போன் எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"பெரியத்தான் இப்பதான் எடுத்தவர். கார்டிலை போடச் சொல்லி என்னவோ ஒரு நீளப் பேர் சொன்னவர். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. அவருக்கும் அரைவாசி வாயிலை வரேல்லை. ஆனால் பிழை விடக்கூடாதாம், அச்சுக்குக் குடுக்க முதல் தனக்கு அனுப்பட்டாம். என்னடா நடந்தது அங்கை?"

நான் வாயைத் திறக்கும் முன் அபி அழத் தொடங்கிவிட்டாள். பின்னாசனத்திலிருந்து தமியான் முன்னால் சாய்ந்து, போனுக்குக் கிட்ட வந்து, ரீச்சர் சொல்லிக்கொடுத்த மாதிரி, எழுத்து எழுத்தாகத் தன் பெயரைச் சொன்னான்.

"பொறும் தம்பி, பேனை எடுக்கிறன்" என்றாள் அக்கா.