நாலு மாத ஆறு

மழை வந்தால் எல்லோரும் வீட்டுக்குள் ஓடுவார்கள். எங்கள் தொழிலில் ஆற்றுக்கு ஓட வேண்டும். நான் மைசூர்க்காரன். மழைக்கால நாலு மாதம் மட்டும் நிறைந்து ஓடும் ஒரு குடகுக் காட்டாற்றில் சுற்றுலா வருகிறவர்களை ரப்பர் படகில் கூட்டிப்போகிற கைடு. வாடிக்கையாளர் முகம் பார்த்துப் பிழைக்கிறவர்களுக்கு என் பாடு புரியும்.

ஹெல்மெட்

மைசூர் ஹெப்பாளில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஆறு பேர் வந்தார்கள். ஒருவருக்கு ஹெல்மெட் வாரை நானே இறுக்கிவிட்டேன். போட்டோவில் முடி தெரியாது என்று நடு ஆற்றில் கழற்றிவிட்டார். அடுத்த இறக்கத்தில் படகு தூக்கிப் போட்டதில் வெளியே விழுந்து, பாறையில் நெற்றி பிளந்தது. கயிறு வீசிக் கரைக்கு இழுத்தேன். காயத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தபோது கண்ணைத் திறந்தார். "நான் விழுந்தது போட்டோல வந்திருக்கா சார்?"

மரம்

உண்மையில் இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். படகை இறக்குமுன் கரையோரம் நடந்து ஆற்றைப் பார்த்துவருவது என் பொறுப்பு. அன்று வந்தவர்கள் தாமதம். மேனேஜர் கடிகாரத்தைக் காட்டினார். நான் நடந்து பார்க்கப் போகவில்லை.

என் படகு முன்னால், இன்னொரு கைடு முருகேசனுடையது பின்னால். ஹனூர் என்கிற ஊர்க்காரர்; என்னைவிட நன்றாக நீந்துவார். ஒரு வளைவில், புதிதாகச் சாய்ந்த மரம் பாதி ஆற்றை அடைத்துக் கிடந்தது. நான் மயிரிழையில் ஒதுங்கிவிட்டேன். விசில் ஊதினேன், இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. அவர் படகு மரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. நான் கரையேறிக் கயிற்றோடு ஓடிவருவதற்குள், அவர் தன் படகிலிருந்த நாலு பேரையும் ஒவ்வொருவராக மரத்தின் மேல் தள்ளிவிட்டார். பிறகு படகு கவிழ்ந்தது. தண்ணீர் அவரைக் கிளைகளுக்கு அடியில் இழுத்துக்கொண்டது. உடலை எடுக்க மறுநாள் மதியம் ஆயிற்று.

கடைசியாக மேலே ஏறியவர் மைசூரில் டீச்சர், எங்கள் சர்ச்சுக்கு வருகிறவர். கரைக்கு வந்ததும் சொன்னார்: "'கையை விட்றாதீங்கக்கா'ன்னு சொன்னாருப்பா. நான் மரத்தை விடல. அவரைப் பிடிக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல."

ஹனூர்

அடக்கத்துக்குப் போனேன். ஆற்றைப் பார்க்காமல் படகை இறக்கியது நான்தான் என்று அவர் மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் திரும்பி வருவது சுலபமாக இருந்திருக்கும். இதைத்தான் சொன்னார்: "மலை ரோட்டுல பஸ்ஸுல போறாரேன்னுதானுங்க நான் பயந்துட்டிருப்பேன். தண்ணிக்குப் பயந்ததே இல்லீங்க."

மீதித் தூரம்

பத்து நாள் கழித்து ஒரு போன். அன்று என் படகில் இருந்தவர். முருகேசனைப் பற்றி விசாரிப்பார் என்று நினைத்தேன். விசாரித்தார், ரொம்ப வருத்தம் என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "அன்னிக்குப் பாதியிலயே நின்னுபோச்சல்ல, மீதிக்கு எப்ப வரலாம்?" என்றார்.

இப்போதெல்லாம் யார் எவ்வளவு தாமதமாக வந்தாலும் கரையோரம் முழுக்க நடந்து பார்த்துவிட்டுத்தான் படகை இறக்குகிறேன், அதற்கு இணையத்தில் எனக்குக் கிடைத்திருக்கும் பட்டம் 'பயந்தாங்கொள்ளி கைடு'.