யார் வாய அடைக்கச் சொன்னேன், யார் வாய அடைச்சாரு

ஏம்மா, உங்களுக்கெல்லாம் வேற வேலயே இல்லியா? ஜெபம் பண்ண வந்தீங்களா, எங்க வூட்டு கத கேக்க வந்தீங்களா? மூணு வாரமா பாக்குறேன், பாய விரிக்கறதுக்குள்ள "ஆயா, ஒம்பேத்திக்கு இன்னா ஆச்சு"ன்னு ஆரம்பிச்சிடறீங்க. செரி, ஒக்காருங்க. சொல்லலேன்னா உங்களுக்கு சோறு எறங்காது. எனக்கும் எறங்காது.

கர்த்தர் செஞ்சத மறைக்கக் கூடாது. அதுக்குத்தான் சொல்றேன்.

எம்பேத்தி ஜெனி ஆறு வயசுல எங்க இரும்புலியூர் வூட்டு மொட்டமாடில நின்னு, தூரத்துல ராக்கெட்டு ஏறுன பொகைய பாத்தா. அன்னிலேந்து அதே பைத்தியம். படிச்சா. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு சின்ன கம்பெனில சேந்தா. அங்க சாட்டிலைட்டு செய்றாங்க. பெருசா நெனைக்காதீங்க, நம்ம முறுக்கு டின்னு அளவுதான். "இதுக்காடி இத்தினி பேரு?"ன்னு ஒரு நாள் கேட்டுட்டேன். மூணு நாள் எங்கிட்ட பேசல.

போன ஜூன் மாசம் அவள டீம் லீடரா போட்டாங்க. அவளுக்குக் கீழ பதினோரு பேரு. தெருவுக்கே கேசரி குடுத்தேன். அதோட போச்சு சந்தோசம்.

வேல தெரிஞ்ச புள்ள. ஆளுங்கள நடத்தத் தெரியல. யாராவது வாயத் தொறந்தா, முடிக்கறதுக்குள்ள இவ பதில் சொல்லிடுவா. யாராவது ஒரு வேலய எடுத்தா, புடுங்கி இவளே செய்வா. கத்துவா. கடைசில நாலு பேரு வேற டீமுக்கு மாத்திடுங்கன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. பெரிய சார் கூப்ட்டு, "புதன்கிழம ரிகர்சல்மா. அதுலயும் இப்டியேன்னா வேற ஆள லீடரா போட்ருவேன்"னு சொல்லிட்டாரு. ரிகர்சல்னா, அந்த சாட்டிலைட்டு பொட்டிய மேல அனுப்பறத்துக்கு முன்னாடி எல்லாத்தையும் கீழயே ஒரு தபா செஞ்சி பாக்கறது.

சனிக்கிழம மத்தியானம் வந்தா. கழுத்துல கெடந்த ஐடி கார்ட கழட்டி கதவு ஆணில மாட்னா. "இனிமே இது வேணாம் ஆயா. எம்பேச்ச ஒருத்தரும் கேக்கல. நான் லாயக்கில்ல"ன்னா. அழக்கூட இல்ல. அதான் எனக்கு பயமாப் போச்சு. சோறு வெச்சேன், தொடல.

அடுப்ப அணைச்சிட்டு அங்கயே முட்டி போட்டேன். முட்டி வலி மாத்தர போட மறந்துட்டேன், அது வேற. அழுதேன். "ஆண்டவரே, இந்தப் புள்ளயோட இருவது வருசக் கனவு. அந்த பதினோரு பேரு வாயையும் அடைச்சிப் போடு. எம்பேத்தி கொரலு மட்டும் கேக்கணும்." ஞாயித்துக்கிழம முழுக்க உபவாசம். காபி கணக்குல வராது.

திங்கக்கிழம காலைல ஜெனி எழுந்தா. "ஆயா"ன்னு வாயத் தொறக்குறா, காத்துதான் வருது. சத்தமே இல்ல. தாம்பரத்துல தொண்ட டாக்டரு பாத்துட்டு, "கத்திக் கத்தி வீங்கிப் போச்சு. அஞ்சு நாளு ஒரு வார்த்த பேசக்கூடாது, குசுகுசுன்னு கூட கூடாது"ன்னாரு.

எனக்கு வந்துதே கோவம். "ஆண்டவரே, நான் யார் வாய சொன்னேன், நீ யார் வாய அடைச்சிகீற? அட்ரஸ் மாறிப்போச்சா?"ன்னு கேட்டுட்டேன்.

எம்மருமக கிரேஸி, ஜெனியோட அம்மா, ஒரு ஸ்லேட்டும் சாக்பீஸும் வாங்கியாந்தா. ஜெனி எழுதிக் காட்டுவா. நான் படிச்சது ரெண்டாங் கிளாசு. எழுத்துக் கூட்டி "மோ...ர்"னு படிக்கறதுக்குள்ள அவளே போய் மோர் எடுத்துக்குவா.

புதன்கிழம போவ மாட்டேன்னு தலையாட்னா. ஆணிலேந்து கார்ட எடுத்து நாந்தான் கழுத்துல போட்டேன். ஸ்லேட்ட கக்கத்துல இடுக்கிக்கினு ரயில் ஏறினா. அங்க நடந்தத வந்து எழுதிக் காட்னா, கிரேஸி படிச்சி சொன்னா.

மூர்த்தின்னு ஒருத்தரு, ஒயர் வேல அவரோடது. அம்பது வயசு, அதிகம் பேசாத மனுசன். பொட்டிக்கு மூடி மாட்டப் போற நேரத்துல, "மேடம், அந்த பேட்டரி ஒயரு..."ன்னு ஆரம்பிச்சாராம். நிறுத்திட்டாராம். ஏன் தெரியுமா? பழக்கம்! இந்த எடத்துலதான் இவ "அப்புறம் பாக்கலாம்ணா"ன்னு வெட்டுவா. இதே பேச்ச ரெண்டு தபா வெட்டிகீறா. அவரு நிக்கறாரு. எல்லாரும் நிக்கறாங்க. இவ வாயத் தொறக்கறா, ஒண்ணும் வரல. ஸ்லேட்டுல எழுதித் திருப்பினா: "சொல்லுங்கண்ணா."

சொன்னாரு. மூடும்போது ஒயரு ஓரத்துல நசுங்குற மாதிரி கீதுன்னு. கழட்டிப் பாத்தா, மேல் தோலு உரிஞ்சி கம்பி தெரியுது. அப்டியே மேல போயிருந்தா பொட்டி அங்கயே செத்துப் போயிருக்கும். ரெண்டு வருச உழைப்பு. அங்க போயி யாரு மூடியத் தொறக்கறது?

அப்புறம் ஒவ்வொருத்தரா வாயத் தொறந்தாங்க. சாயங்காலம் வரைக்கும் பேசினாங்க. இவ கேட்டா. மொத தபா கேட்டா. பெரிய சார் ஓரமா நின்னு பாத்துட்டு, "அடுத்த ரிகர்சலும் நீயே நடத்தும்மா"ன்னாராம். அந்த நாலு பேர்ல மூணு பேரு லெட்டர திருப்பி வாங்கிட்டாங்க. ஒருத்தன் போயிட்டான். நல்லா இருக்கட்டும்.

சனிக்கிழம கொரலு வந்துது. மொத வார்த்த "ஆயா"ன்னு வரும்னு காத்துக்கினு இருந்தேன். "மூர்த்தி அண்ணாகிட்ட மன்னிப்பு கேக்கணும், போன் எங்க?"ன்னா.

போன மாசம் பொட்டி மேல போச்சு. ஸ்தோத்திரம்! கீழேந்து கூப்ட்டா ஒடனே பதில் சொல்லுதாம். ஜெனியோட அப்பன், எம்புள்ள, நாலு தபா கூப்ட்டாதான் திரும்புவான்; அவனுக்கு அது தேவல. ஸ்லேட்டு இப்பவும் ஜெனி மேசமேல கீது. மீட்டிங்குல எல்லாரும் முடிச்சப்புறந்தான் இவ பேசுறா.

ஒண்ணு மறைக்கப் பாத்தேன், மனசு கேக்கல. "ஏண்டி, அடுத்தவங்க பேச்ச வெட்டற புத்தி ஒனக்கு எங்கேந்து வந்துது?"ன்னு ஜெனிய கேட்டேன். கிரேஸி, "அத்த, அது வந்து..."ன்னா. "நீ சும்மா இரு"ன்னேன். ரெண்டு பேரும் வயித்தப் புடிச்சிக்கினு சிரிக்கிறாங்க. அப்பத்தான் வெளங்கிச்சு. இப்ப கிரேஸி பேசினா நாக்க கடிச்சிக்கறேன். பாவம் நாக்கு, புண்ணாகிகீது. ஆனா இத்தினி வருசத்துல அவ இவ்ளோ தமாசா பேசுவான்னு எனக்குத் தெரியாமப் போச்சே.

நீங்களும் கர்த்தர்கிட்ட கேளுங்கம்மா. அழகா கேக்கத் தெரியணும்னு இல்ல. நான் தப்பாத்தான் கேட்டேன், அவரு திருத்திக் குடுத்தாரு.

போன வாரம் தெருவுல இதக் கேட்டுட்டு எதிர்வூட்டு சரோஜா ஓடியாந்தா. "ஆயா, எங்க மாமியா வாய்க்கும் ஒரு ஜெபம் பண்ணேன்." பக்கத்து வூட்டு ஜரினா, "எங்க வூட்டுக்காரருக்கும்"னா.

"தாராளமா பண்றேண்டி. மொதல்ல ஆளுக்கொரு ஸ்லேட்டு வாங்கி கையில வெச்சிக்கோங்க. யார் வாய அடைக்கறதுன்னு ஆண்டவருதான் முடிவு பண்ணுவாரு"ன்னேன்.