சந்தனம் வைத்த குண்டு விமானம்

கடத்தூரில் நூர் பாஷாவைத் திட்டாதவர்கள் இப்போது குறைவு. சுதந்திர தினத்தன்று தியாகிகள் கல்லைக் கெடுத்த கிழவன் என்கிறார்கள். பாதியை மட்டும் பார்த்தவர்கள் அப்படிச் சொல்வதால், நான் முழுவதையும் எழுதுகிறேன்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் பம்ப்செட் பழுது பார்ப்பவர் நூர் பாஷா. உலகப் போரின்போது விமானப்படையில் இன்ஜின் ஃபிட்டராக இருந்தார். வங்காளத்தில் ஒரு தளத்தில் பிளென்ஹைம் என்ற இரட்டை இன்ஜின் குண்டு விமானம் அவர் பொறுப்பில் இருந்தது. அதைப் பற்றிப் பேசினால் கூடப்பிறந்த தம்பியைப் பற்றிப் பேசுவது போல இருக்கும்.

அது குண்டு போடப் பிறந்ததே இல்லை. இங்கிலாந்தில் ஒரு பத்திரிகை முதலாளி, தான் ஏறிப் போவதற்கு ஐரோப்பாவிலேயே வேகமான விமானம் வேண்டும் என்று சொல்லிச் செய்யவைத்தது அது. 1935இல் அது பறந்தபோது அந்நாட்டுச் சண்டை விமானங்களாலேயே அதைப் பிடிக்க முடியவில்லை. உடனே ராணுவத்துக்கு ஆசை வந்தது. வயிற்றில் குண்டு வைக்க இடம் வேண்டுமென்று இறக்கையை மேலே ஏற்றினார்கள். முதுகில் துப்பாக்கிக் கூண்டு வைத்தார்கள். எடை கூடியது, வேகம் குறைந்தது. அதற்குள் எதிரியிடம் அதைவிட வேகமான விமானங்கள் வந்துவிட்டன. போர் தொடங்கியதும் பிளென்ஹைம்கள் வரிசையாக விழுந்தன. அங்கே பழசாகிப்போன பிறகும் பர்மாச் சண்டைக்கு அதைத்தான் ஓட்டினார்கள்.

"மேல மேல சுமையை ஏத்திட்டு, ஓடலைன்னா அது வண்டியோட தப்பா?" என்பார் நூர் பாஷா.

1942இல் ஆயுத பூஜை வந்தது. தளத்துப் பட்டறையில் இருந்த தமிழ் ஆட்கள் எல்லோரும் சேர்ந்து பொரி வாங்கினார்கள். பூஜை போடாத மிஷினை ஓட்டக் கூடாது என்பதில் அங்கே இந்து, முஸ்லிம் என்ற பேதம் இல்லை. என் மிஷினுக்கு நானே வைப்பேன் என்று நூர் பாஷா சந்தனக் கிண்ணத்தோடு ஏணியில் ஏறினார். லாரிக்கு வைப்பது போல, நீட்டிக்கொண்டிருந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு. முன்பக்கம் ஒரு மெல்லிய குழாய் இருந்தது. எதிர்காற்று அதற்குள் புகுந்தால்தான் விமானி முன்னால் வேக முள் நகரும். அது அவர் வேலையில் சேராதது. அதற்கும் ஒரு பொட்டு வைத்தார். குழாயின் வாய் அடைத்துக்கொண்டது.

மேலே போன விமானி, முள் அசையாததைப் பார்த்துத் திரும்பினார். வேகம் தெரியாமல் இறக்கியதில் சக்கரக் கால் உடைந்தது. ஆட்களுக்கு அடியில்லை. ஆனால் நாடெங்கும் 'வெள்ளையனே வெளியேறு' நடந்துகொண்டிருந்த நேரம். அதிகாரிகள் சதி என்றார்கள். ஒத்துக்கொண்டால் வேலையை விட்டு அனுப்புவதோடு சரி என்றார்கள். நூர் பாஷா ஒத்துக்கொள்ளவில்லை. ஆறு மாதம் சிறையில் வைத்து, பிறகு துரத்திவிட்டார்கள்.

சுதந்திரத்தின் நாற்பதாம் ஆண்டுக்குப் பஸ் நிலையத்தில் தியாகிகள் பெயரோடு கல் வைப்பதென்று போன வருடம் முடிவானது. விழாக்குழுத் தலைவர் ராஜப்பன் பட்டறைக்கு வந்தார்.

"பாய், உங்க பேரும் கல்லுல வருதுங்க. வெள்ளக்காரன் குண்டு விமானத்தையே கெடுத்தவரு நம்மூர்ல இருக்கறது எவ்ளோ பெருமை!"

"நான் எங்கப்பா கெடுத்தேன்? பொட்டு வெச்சேன்."

"அதாங்க, பொட்டு வெக்கிற மாதிரி..."

"மாதிரி இல்ல. பொட்டேதான். போன பூஜைக்கு உன் டிராக்டருக்கும் நாந்தான் வெச்சேன். அதையும் கெடுக்கவா வெச்சேன்?"

"அன்னியிலருந்து அதுவும் ஒழுங்கா ஸ்டார்ட் ஆவறதில்லைங்க பாய்."

நூர் பாஷாவும் சிரித்துவிட்டார். சிரித்ததைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டு ராஜப்பன் போய்விட்டார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஆள் அனுப்பி வேண்டாமென்று சொன்னார் நூர் பாஷா. கல்லில் பெயர் கொத்தத் தொடங்கியாயிற்று என்று பதில் வந்தது.

மனைவி ஹமீதுன்னிசாவுக்கும் அந்தப் பெயர் வேண்டியிருந்தது.

"ஜெயிலுக்குப் போனவன் பொண்டாட்டின்னு இந்த வூட்டுக்கு வந்த நாள்லருந்து கேக்கறேன். தியாகி பொண்டாட்டின்னு ஒரு தரம் கேட்டுக்கறேங்க. வாய மூடிட்டு இருந்தா என்னவாம்?"

"அன்னிக்கு வெள்ளக்காரன் சதிகாரன்னான், இன்னிக்கு இவங்க தியாகிங்கறாங்க. பேருதான் வேற, பொய் ஒண்ணுதான் ஹமீதா. அந்தப் பொய்ய ஒத்துக்க மாட்டேன்னுதான் உள்ள கெடந்தேன். இப்ப மால போட்டாங்கன்னு ஒத்துக்கறதா?"

ஹமீதுன்னிசா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அடுத்த இரண்டு நாள் பட்டறைக்குச் சாப்பாடு வரவில்லை.

ஆகஸ்ட் பதினைந்து காலையில் கொடியேற்றிய பிறகு கல்லின் துணியை விலக்கினார்கள். கடைசி வரியில் நூர் பாஷா. கைதட்டல் ஓயுமுன் அவர் கல்லருகே போனார். சட்டைப் பையிலிருந்து எம்-சீலை எடுத்தார். பம்பு ஓட்டையை அடைக்கிற பசைதான். இரண்டு துண்டையும் சேர்த்துப் பிசைய வேண்டும். ஸ்பானர் பிடித்துப் பிடித்து முட்டி வீங்கிய விரல்களால் பிசைய முடியவில்லை.

"பாய் கல்லுக்கு லீக் அடைக்கிறாரு டோய்!" என்று யாரோ கத்த, கூட்டம் சிரித்தது.

ராஜப்பன் ஓடிவந்தார். "பாய், கொடியேத்தின நாளுங்க. வேணாம்."

"கொடிக்கு சல்யூட் அடிச்சாச்சு. இது என் பேரு."

பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த ஹமீதுன்னிசா எழுந்தார். கணவரைக் கூட்டிப்போகத்தான் வருகிறார் என்று நினைத்தோம். நூர் பாஷா கையிலிருந்த பசையை வாங்கி, ரொட்டி மாவு போல அழுத்திப் பிசைந்து, திருப்பிக் கொடுத்தார். நூர் பாஷா தன் பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாக அடைத்தார்.

"அன்னிக்குத் தெரியாம அடைச்சேன்" என்று மைக் இல்லாமலே சத்தமாகச் சொன்னார். "இத வேணும்னே அடைக்கறேன்."

திரும்பிப் போகும்போது ஹமீதுன்னிசா ராஜப்பன் முன்னால் நின்றார்.

"செய்யாத சதிய செஞ்சேன்னு சொல்ல மாட்டேன்னு ஆறு மாசம் உள்ள இருந்தாரே, அதுக்காகப் பேரு போடுங்க. அப்பிடின்னா இந்தப் பசைய இப்பவே நானே சுரண்டிட்டுப் போறேன். போடுவீங்களா?"

குழுவைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு ராஜப்பன் மைக்கை நோக்கிப் போனார். குழு கூடுவதற்குள் பசை கல்லோடு கல்லாய் இறுகிவிட்டது.