தந்தியைத் தளர்த்தி வாசித்தவர்

சான் ஹோசேயில் மகன் வீட்டில் இருந்தபோது ஒரு கச்சேரிக்குப் போனேன். ஹவாய் தீவுக்காரர் ஒருவர் தன்னந்தனியாக கிதார் வாசிக்கிற கச்சேரி. மருமகளுக்கென்று வாங்கிய டிக்கெட். அவளுக்கு ஆபீஸில் வேலை வந்துவிட்டதால் மகன் என்னைக் கூட்டிப் போனான்.

ஃப்ரீவேயில் போகும்போதே பேச்சை எடுத்தான்.

“ஊர்ல இருக்கற காட்டை வித்தரலாம்மா. அங்க யாரு பாக்கறா? ஞாயித்துக்கிழமை சித்தப்பா போன் பண்ணுவாரு. சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்.”

அந்தக் காடு என் பேரில் இருக்கிறது. நானும் அவன் அப்பாவும் கல் பொறுக்கி, கரட்டைச் சமன் செய்து, உழுது உண்டாக்கிய பூமி.

மேடையில் ஒரு நாற்காலிதான். பூப்போட்ட சட்டையில் தடித்த மனிதர் வந்து உட்கார்ந்து, வாசிப்பதற்கு முன் ஏதோ பேசினார். மகன் காதோடு சொன்னான்.

“இந்த மண்ணுல மொதல்ல இருந்த சனங்களை நெனச்சுக் கும்பிட்டுக்கறாரு. ஒவ்வொரு பாட்டும் அவங்க தீவுல ஒரு எடத்துக்காம்மா. மலை, ஓடை, அப்படி.”

“அதையெல்லாம் வித்துப்போட்டுப் பாடறாரா, விக்காம பாடறாரா?”

“அம்மா, மெதுவா.”

கொஞ்ச நேரத்தில் அவன் இடுப்பில் பேஜர் துடித்தது. “ஆபீஸ்ல பிரச்சினை. போன் பண்ணிட்டு வந்தர்றேன். எந்திரிக்காத, இங்கயே இரு” என்று போனவன் வரவே இல்லை.

பாட்டுக்கு நடுவே அந்த மனிதர் பேசினார். சனங்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. புரியாமல் சிரிப்பது எனக்குப் பழக்கமில்லை.

பிறகு அவர் முறுக்காணியைத் திருகித் தந்தியைத் தளர்த்தினார். எங்கள் ஊர்ப் பஜனையில் எல்லாம் முடிந்த பிறகுதான் தம்புராவின் தந்தியைத் தளர்த்தி உறைக்குள் போடுவார்கள். முடிந்தது என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். வரிசையில் இருந்தவர்கள் முழங்காலை மடக்கி வழிவிட்டார்கள். நடைபாதைக்கு வந்து பார்க்கிறேன், ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தளர்ந்த தந்தியிலேயே அவர் அடுத்ததைத் தொடங்கிவிட்டார்.

திரும்பிப் போய் மறுபடி அத்தனை முழங்காலையும் மடக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேண்டுமென்றே வந்தவள்போலச் சுவரோரமாய் நின்றுகொண்டேன்.

தந்தி தளர்ந்ததாலோ என்னவோ, சத்தம் தாழ்ந்து வந்தது. கட்டைவிரல் தடித்த தந்தியில் ஒரே நடையாக நடக்க, மற்ற விரல்கள் மேலே தம் போக்கில் போயின. தொடங்குமுன் ஒரு பேரை இரண்டு தரம் சொல்லியிருந்தார். அவருடைய இடத்தின் பேராக இருக்கும். அதைப் பார்த்தே இராத சனங்கள் வாய் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் காட்டுக்கும் பேர் உண்டு. இந்த ஊருக்கு வந்த நாளாக அதை ஒருவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சுவரைப் பார்த்து ஒருதரம் சொன்னேன். வெகுநாள் கழித்து வாயில் வந்ததால் எனக்கே யாரோ சொன்னதுபோல இருந்தது.

பாட்டு முடிந்து கை தட்டும்போது மகன் வந்தான்.

“ஏம்மா நிக்கற? போரடிச்சிருச்சா?”

“இல்ல. ஞாயித்துக்கிழமை உன் சித்தப்பங்கிட்ட நானே பேசிக்கறேன். காடு விக்கறதுக்கில்ல. நான் அங்க போறேன்.”

“என்னம்மா திடீர்னு? அங்க போனா நீ தனியால்ல இருக்கணும்?”

“இங்க இப்ப யாருகூட இருந்தேன் கண்ணு?”

அடுத்த பாட்டு தொடங்கியது. உட்காரப் போகலாம் என்று அவன் கூப்பிடவில்லை. என் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து நின்றான்.